மஞ்சள் இறங்கியது, நோய் இறங்கியதா? வைரஸ் காமாலையும் ஸ்டீராய்டு ஆராய்ச்சிகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அது எப்படி ஒட்டிக்கொண்டது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் இந்தப் பதிவு புரியும்.

2012-ல் அலுவலகத்தில் ரத்த தான முகாம் நடந்தது. கொடுத்துவிட்டு, ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு போன். "சார், உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி இருக்குன்னு வந்திருக்கு. ஒரு டாக்டரைப் பாருங்க." பார்த்தேன். கல்லீரல் நன்றாகத்தான் இருக்கிறது, வைரஸ் அடங்கிக் கிடக்கிறது, மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்தால் போதும் என்றார். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டோம். அதோடு அதை ஏறக்குறைய மறந்தே போனேன்.

2019-ல் உடம்பு முழுக்கத் தடிப்பும் அரிப்பும் வந்தது. போன இடத்தில் ப்ரெட்னிசோலோன் எழுதிக் கொடுத்தார்கள். 40 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கல்லீரலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அரிப்பு போய்விட்டது. நல்ல பசி, நல்ல தெம்பு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து கோடு எழுதும் உற்சாகம். மாத்திரை முடிந்து இரண்டு மாதம் கழித்து சோர்வு ஆரம்பித்தது. சாப்பாட்டு வாசனையே குமட்டியது. வழக்கமான பரிசோதனைக்குப் போனால், ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டிய ஏஎல்டி அறுநூற்றைத் தாண்டி நின்றது.

கல்லீரல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கடைசி ஆறு மாசத்துல ஸ்டீராய்டு ஏதாவது எடுத்தீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோலுக்குச் சாப்பிட்ட மாத்திரைக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று ராத்திரி தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை. தேடத் தேட ஒன்று புரிந்தது. அந்த ஒற்றைக் கேள்விக்குப் பின்னால் முப்பது நாற்பது வருஷ ஆராய்ச்சி இருக்கிறது. அதில் முதல் பாதி, தப்பான எண்ணை அளந்த ஆராய்ச்சி. இந்தப் பதிவு அதைப் பற்றிய விமர்சனம்.

எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரை

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு 'காம்பவுண்ட் இ' என்ற பொருளை ஊசியாகப் போட்டார். பின்னால் அதற்குக் கார்ட்டிசோன் என்று பெயர் வந்தது. நகரவே முடியாமல் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே வருஷத்தில், 1950-ல், ஹென்ச்சுக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இரு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு. உலகம் முழுக்க ஒரே பரபரப்பு.

அதற்கப்புறம் இந்த மருந்தை எந்த நோய்க்குத்தான் கொடுத்துப் பார்க்கவில்லை? காமாலையும் அந்த வரிசையில் வந்தது. தர்க்கம் என்னவோ சுத்தமாக இருந்தது. ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். ஆகவே ஸ்டீராய்டு ஹெபடைட்டிஸை அடக்கும். காகிதத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது.

கொடுத்தார்கள். பலனும் கண்ணெதிரே தெரிந்தது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறுவதால்தான் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. ஸ்டீராய்டு கொடுத்த சில நாட்களில் அந்த பிலிருபின் மளமளவென்று இறங்கியது. நோயாளிக்குப் பசி எடுத்தது, முகம் தெளிந்தது. 1950-களில் வந்த பல அறிக்கைகள் இந்த இறக்கத்தை வரைபடம் போட்டுக் காட்டின. படிக்கிற எவருக்கும் மருந்து வேலை செய்கிறது என்றுதான் தோன்றும்.

கூடவே இன்னொன்றையும் கவனித்தார்கள். மாத்திரையை நிறுத்தினால் சிலருக்குக் காமாலை திரும்பி வந்தது, அதுவும் ஸ்டீராய்டே சாப்பிடாதவர்களைவிட அதிகமாக. கல்லீரல் செல்கள் ஆறும் வேகத்திலும் பெரிய மாற்றம் இல்லை. மஞ்சள் மட்டும் வேகமாக இறங்கியது. மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஸ்டீராய்டு வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோமே, அதேதான். சுண்ணாம்பு காய்ந்ததும் சுவர் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஓடும் விரிசல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என் தொழிலில் இதற்கு நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் அலாரம் அடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எவனோ அலாரத்தின் வரம்பை உயர்த்திவிட்டுப் படுத்துவிடுவான். திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்துவிடும். காலையில் மேனேஜர் பார்த்து சபாஷ் என்பார். சர்வர் மட்டும் செத்துக்கொண்டே இருக்கும்.

காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது

இந்த ஆரம்ப கால அறிக்கைகளில் பலவற்றின் அடிப்படைக் கோளாறு, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாததுதான். திடீரென வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஹெபடைட்டிஸ் ஏ நாள்பட்ட நோயாக மாறுவதே இல்லை. பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைட்டிஸ் பி தொற்றினால், 100 பேரில் சுமார் 95 பேரின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடும். அப்படிப்பட்ட நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பலித்த மாதிரி தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தால் ஸ்டீராய்டு ஜெயிக்கும். கரும்புச்சாறு கொடுத்தால் கரும்புச்சாறு ஜெயிக்கும்.

'அந்தக் காலத்தில் ஒப்பீட்டு ஆய்வு செய்ய யாருக்கும் தெரியாது, பாவம்' என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. கொரியப் போர் நேரத்தில் காமாலை வந்த அமெரிக்கச் சிப்பாய்களை ஜப்பானில் கியோட்டோ ராணுவ மருத்துவமனையில் வைத்து தாமஸ் சால்மர்ஸ் குழு ஓர் ஆய்வு செய்தது. சிப்பாய்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அசையாமல் படுத்தே கிடக்க வேண்டும் என்ற கண்டிப்பு, இன்னொரு பகுதிக்கு மருத்துவமனைக்குள் இஷ்டப்படி நடமாட அனுமதி. 1955-ல் முடிவு வெளியானது. படுத்தே கிடந்தவர்களுக்கு அதனால் தனியாக ஒரு லாபமும் இல்லை. அதுவரை காமாலைக்கு எழுதப்படாத சட்டமாக இருந்த 'படுக்கையை விட்டு எழுந்திருக்காதே' என்பது அங்கே ஆட்டம் கண்டது. ஆக, கேள்வி கேட்கும் கருவி கையில் இருந்தது. எல்லோரும் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது இங்கிலீஷ் மருத்துவம் மட்டும் செய்த தப்பு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். நம்மூரில் காமாலை என்றாலே கீழாநெல்லி. 1988-ல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி-யைக் கண்டுபிடித்த ப்ளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதியது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. தமிழ்நாட்டுக்காரனாக இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சென்னைக்காரர்கள் ஒப்பீட்டுக் குழு வைத்தார்கள், அந்த மட்டில் 1950-களின் ஸ்டீராய்டு அறிக்கைகளைவிட அது மேல். ஆனாலும் ஒரு சின்ன ஆய்வு எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்னொருவர் கையிலும் அது பலித்தால்தான் நம்பலாம்.

கடைசி நம்பிக்கை என்ற பெயரில்

சாதாரணக் காமாலைக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்ற கருத்து மெல்ல மெல்லப் பரவினாலும், ஒரு மூலையில் நம்பிக்கை மிச்சம் இருந்தது. கல்லீரல் வேகமாக அழிந்து, நோயாளி நினைவிழக்கும் நிலை. அங்கே பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். சாகப்போகிறவருக்குக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? பிழைத்தால் லாபம்தானே? 1960-களில் இதை ஆதரித்து அறிக்கைகள் வந்தன. பிழைத்தவரின் கதையை எழுத ஆள் உண்டு. இறந்தவரின் கதையை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

இந்த 'என்ன நஷ்டம்' என்ற கேள்விக்கு 1976-ல் பதில் வந்தது. க்ரெகரி குழு நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு. கடுமையான வைரஸ் ஹெபடைட்டிஸ் நோயாளிகள் சிலருக்கு மெத்தில்ப்ரெட்னிசோலோன், சிலருக்கு வெறும் மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் டாக்டருக்கும் தெரியாது. முடிவு: ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். 1979-ல் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம், கல்லீரல் செயலிழந்தவர்களிடம் நடத்திய குலுக்கல் ஆய்வை வெளியிட்டது. அதிலும் ஸ்டீராய்டால் பலன் இல்லை.

1976 ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை. சின்ன ஆய்வு. எல்லா வைரஸையும் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைகள் அப்போது கிடையாது. எத்தனை பேருக்கு எந்த வைரஸ் என்பதில் மங்கல் உண்டு. ஸ்டீராய்டு எவ்வளவு கெடுதல் என்பதைத் துல்லியமாக அதிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் அது செய்த வேலை வேறு. கொடுப்பதில் நஷ்டமே இல்லை என்ற நினைப்பை உடைத்தது. அது மட்டுமா? பிலிருபின் எவ்வளவு இறங்கியது என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டது. இருபது வருஷத்துக்கும் மேல் தள்ளிப்போன கேள்வி அது.

ஒரே பெயர், இரண்டு நோய்

இதுவரை சொன்னது திடீர்க் காமாலையின் கதை. என் கதை அடுத்ததில் இருக்கிறது: நாள்பட்ட ஹெபடைட்டிஸ். இங்கேதான் குழப்பம் இன்னும் ஆழம்.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் என்றொரு பேராசிரியர். கல்லீரல் மருத்துவம் ஒரு தனித் துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-ல் அவரது குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் தீவிரமாக இருந்த 49 பேர். ப்ரெட்னிசோலோன் பெற்ற 22 பேரில் இறந்தவர்கள் 3. பெறாத 27 பேரில் இறந்தவர்கள் 15. இங்கே எண்ணப்பட்டது பிலிருபின் இல்லை, உயிர். குலுக்கலும் உண்டு, ஒப்பீடும் உண்டு. குறை சொல்ல இடமே இல்லாத வெற்றி.

பத்து வருஷம் கழித்து, 1981-ல், ஹாங்காங்கிலிருந்து லாம் குழுவின் ஆய்வு. நாள்பட்ட, தீவிர ஹெபடைட்டிஸ் நோயாளிகள் ஐம்பது சொச்சம் பேர். அதே ப்ரெட்னிசோலோன். மருந்து பெற்றவர்களுக்கு நோய் தணிவது தாமதமானது. தணிந்தாலும் சீக்கிரம் திரும்பியது. சிக்கல்களும் மரணங்களும் அதிகம். கட்டுரையின் தலைப்பே ப்ரெட்னிசோலோனின் 'கெடுதல் விளைவு' என்றுதான் இருந்தது.

அதே மருந்து, நோயின் பெயரும் ஏறக்குறைய அதே. லண்டனில் காப்பாற்றியது, ஹாங்காங்கில் கொன்றது. எந்த ஆய்வு பொய்?

இரண்டுமே பொய் இல்லை. 'நாள்பட்ட தீவிர ஹெபடைட்டிஸ்' என்பது நுண்ணோக்கியில் கல்லீரல் திசு எப்படித் தெரிகிறது என்பதற்கு வைத்த பெயர். அது ஏன் அப்படி ஆனது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. லண்டன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருந்தது, இன்று நாம் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் என்று சொல்லும் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் கல்லீரலையே தாக்கும். அதை அடக்கினால் நோயாளி பிழைப்பார். ஹாங்காங் நோயாளிகள் எல்லோருடைய ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி-யின் அடையாளமான ஹெச்பிஎஸ்ஏஜி இருந்தது. அங்கே எதிர்ப்புச் சக்திதான் வைரஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் ஒரே காவல். அதை அடக்குவது, திருடன் உள்ளே இருக்கும்போது காவல்காரனைத் தூங்க வைப்பது.

பெயரில் ஏமாறுவது கல்லீரல் துறையில் புதிது இல்லை. 1955-56-ல் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து, டெல்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அப்போது அதற்கு 'தொற்றுக் காமாலை' என்று மட்டும்தான் பெயர். அது ஹெபடைட்டிஸ் ஏ இல்லை, இன்று ஹெபடைட்டிஸ் இ என்று அழைக்கப்படும் வேறொரு வைரஸ் என்பது கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் தெளிவாக ஆரம்பித்தது. ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு 1989 வரை பெயரே கிடையாது.

ப்ளம்பெர்க் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்ட ஹெச்பிஎஸ்ஏஜி பற்றி முதலில் எழுதியது 1965-ல். 1960-களின் கடைசியில் அது ஹெபடைட்டிஸோடு சம்பந்தப்பட்டது என்று புரிந்தது. அப்படியிருக்க, லண்டனின் வெற்றியைக் காட்டி, பி வைரஸ் உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்ற நினைப்பு 1981 வரை நீடித்ததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஷெர்லாக் குழுவின் மீது குறை இல்லை, அவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னார்கள். அதைப் படித்தவர்கள், தங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே நோயாளிதானா என்று பார்க்கவில்லை.

ஹாங்காங் ஆய்வுக்கும் ஒரு கேள்வி வைக்கலாம். அந்தப் பகுதியில் பெரும்பாலோருக்கு வைரஸ் பிறக்கும்போது தாயிடமிருந்தோ, சின்ன வயதிலோ வந்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கும் அந்த முடிவு பொருந்துமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பின்னால் வந்த சான்றுகள் ஹாங்காங் பக்கமே சாய்ந்தன. 1986-ல், ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏ-விலேயே ஸ்டீராய்டுக்குப் பதில் சொல்லும் ஒரு பகுதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதாவது ஸ்டீராய்டு காவல்காரனைத் தூங்க வைப்பதோடு நிற்பதில்லை, திருடனுக்குத் தெம்பும் ஊட்டுகிறது.

இப்போது என் டாக்டரின் கேள்விக்கு வருவோம். பி வைரஸ் பொதுவாகத் தானே கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு நம் எதிர்ப்புச் சக்திதான் அழிக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் வாரங்களில் எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும், வைரஸ் சத்தமில்லாமல் பெருகும், நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இருந்த உற்சாகம் அதுதான். மாத்திரையை நிறுத்தியதும் காவல்காரன் விழித்துக்கொள்கிறான். வீடு முழுக்கத் திருடர்கள். கண்மண் தெரியாமல் அடிக்கிறான். அடிபடுவது கல்லீரல். அதனால்தான் மாத்திரை சாப்பிடும்போது வராத வினை, நிறுத்திய பிறகு வந்தது. அவர் ஜோசியம் பார்த்துக் கேட்கவில்லை.

நெருப்போடு விளையாடிப் பார்த்தவர்கள்

இந்தத் துள்ளலை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கொஞ்ச வாரம் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்துவது. எதிர்ப்புச் சக்தி துள்ளி எழும் நேரம் பார்த்து இன்டர்ஃபெரான் கொடுத்து வைரஸை அடிப்பது. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. 1990-ல் பெரில்லோ குழு 169 பேரிடம் இதைச் சோதித்தது. வைரஸ் பெருகுவதற்கான அடையாளங்கள் மறைந்தவர்கள், ஸ்டீராய்டுக்குப் பின் இன்டர்ஃபெரான் பெற்றவர்களில் 36 சதவீதம். அதே அளவு இன்டர்ஃபெரான் மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதம். எதுவும் பெறாதவர்களில் 7 சதவீதம். வேலை செய்தது இன்டர்ஃபெரான். ஸ்டீராய்டு ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது. அந்த 37 சதவீதக் குழு இல்லாமல் மற்ற இரண்டு குழுக்களை மட்டும் வைத்து நடத்தியிருந்தால், 36-க்கு எதிராக 7 என்று வந்திருக்கும். 'ஸ்டீராய்டு உத்தி அபாரம்' என்று எழுதியிருப்பார்கள், நாமும் நம்பியிருப்போம்.

தலைகீழ்த் தவறும் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஹெபடைட்டிஸ் சி-க்கு வந்த முதல் தலைமுறைப் பரிசோதனை, ஆட்டோஇம்யூன் நோயாளிகள் சிலருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டியது. அதை நம்பி, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் கொடுக்கப்பட்டவர்களுக்கு நோய் முற்றியது. ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் அவர்கள். ஆகவே 'ஸ்டீராய்டு என்றாலே விஷம்' என்பதும் 'ஸ்டீராய்டு என்றாலே அமுதம்' என்பதற்கு அண்ணன் தம்பிதான். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் உள்ளவர் யாராவது இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால், நான் எழுதியதற்கு நேர் எதிரானதைச் செய்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நேற்றைய கதை இல்லை

'பழைய ஆய்வுகளைக் கிளறி என்ன ஆகப்போகிறது?' என்று வீட்டிலேயே கேட்டார்கள். 2021 கோவிட் இரண்டாம் அலையில் பதில் கிடைத்தது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒரு மருந்துச் சீட்டின் போட்டோ சுற்றியது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெக்ஸாமெத்தசோன். பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் அது உயிர் காத்தது உண்மை. ஆனால் யாருக்கு? செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் எந்தப் பலனும் இல்லை. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 17.8 சதவீதம், பெறாதவர்களில் 14 சதவீதம் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான், ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். லண்டனும் ஹாங்காங்கும் ஒரே ஆய்வுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அதே மருந்துதான். நோயாளி யார், நோயின் எந்தக் கட்டம் என்பது மாறினால் பதிலும் மாறுகிறது.

நான் அந்தக் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், "தம்பி நீங்க டாக்டரா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மேல்மாடிப் பெரியவர் ஒருவர் மட்டும் போன் பண்ணி, "எனக்கு ஆக்சிஜன் 97 இருக்கு, அப்ப இதைச் சாப்பிட வேண்டாமா?" என்று கேட்டார். உங்க டாக்டர்கிட்ட இதே கேள்வியைக் கேளுங்க ஐயா என்றேன். கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றாராம்.

கல்லீரல் பக்கத்திலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. இப்போது டெனோஃபோவிர், என்டெகாவிர் மாதிரி வைரஸை நேரடியாக அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, பி வைரஸ் கடுமையாகச் சீறும் ஆரம்பக் கட்டத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பலன் உண்டா என்று ஜப்பானில் சிலர் பார்த்திருக்கிறார்கள். சின்ன ஆய்வுகள். நியாயமான கேள்விதான், ஆனால் அவற்றைப் படிக்கும்போது என் கை தானாக ஒப்பீட்டுக் குழு எங்கே என்று தேடுகிறது. பிலிருபின் வரைபடம் மட்டும் இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.

என் விஷயத்தில், டெனோஃபோவிர் ஆரம்பித்து சில மாதத்தில் ஏஎல்டி பழைய இடத்துக்கு இறங்கியது. தினம் ஒரு மாத்திரை, இன்னும் தொடர்கிறது. இந்த முறை எண் இறங்கியதோடு டாக்டர் நிற்கவில்லை. வைரஸ் அளவையும் பார்த்தார், கல்லீரல் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

தோல் டாக்டர் மேல் கோபமா என்று நண்பர்கள் கேட்பார்கள். இருந்தது. ஒரு நாள் புலம்பிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னது: "அவங்க கேக்கல, சரி. நீங்க ஏன் சொல்லல? ஏழு வருஷமா தெரியும்ல?" பதில் இல்லை. தோலுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானேதான் முடிவு செய்திருந்தேன். 1950-களின் டாக்டர்கள் பெயரைப் பார்த்து முடிவு செய்த மாதிரி.

ஹெபடைட்டிஸ் பி உள்ள ஒருவர் நான்கு வாரத்துக்கு மேல், தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் ப்ரெட்னிசோலோன் எடுத்தால் வைரஸ் விழித்துக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்று இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் காவல் மாத்திரையோடு சேர்த்து ஸ்டீராய்டையும் எடுக்கலாம், தேவையான சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள ஒரு ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனை, சில நூறு ரூபாய். மூட்டு வலிக்கோ, வீசிங்குக்கோ, தோலுக்கோ வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எழுதினால், "டாக்டர், அதுக்கு முன்னாடி பி டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் 'பேர் தெரியாத வலி மாத்திரை'யில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நான் என் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் காகிதம் வைத்திருக்கிறேன். 'ஹெபடைட்டிஸ் பி உண்டு. டெனோஃபோவிர் தினமும். ஸ்டீராய்டு கொடுக்கும் முன் கல்லீரல் டாக்டரிடம் பேசவும்.' கீழே அவர் போன் நம்பர். போன மாதம் பல் பிடுங்கப் போனபோது, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டினேன்.